அறுபதுக்கு இரண்டு பிறந்தநாள்

அத்தியாயம் 7

தமிழ் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிறந்தநாள் உண்டு. காலண்டரில் வரும் தேதி ஒன்று; கேக்கும் வாட்ஸ்அப் வாழ்த்தும் அதற்கு. பிறந்த தமிழ் மாதத்தில் வரும் நட்சத்திரம் இன்னொன்று. தலைக்குக் குளித்து, கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைப்பது அதற்கு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதி என்று மூன்றாவது ஒன்றும் அந்தத் தலைமுறையில் பலருக்கு இருக்கிறது. அது பாஸ்போர்ட்டுக்கு மட்டும், பின்னால் வருவோம்.

அறுபது நிறைகிற ஒருவர் ஒரே வெளிநாட்டுப் பயணத்தில் நட்சத்திரத்தைக் குடும்பத்தோடும் தேதியைத் தோழிகளோடும் எப்படிக் கொண்டாடலாம் என்பதே இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டுக்குத் திருச்சியில் ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்வோம். 1966இல், பராபவ வருடத்தில் பிறந்தவர். அறுபது தமிழ் வருடங்கள் ஒரு சுற்றுச் சுற்றி 2026 சித்திரையில் பராபவ மறுபடி வருகிறது. குடும்பம் என்றால் கணவர், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். தோழிகள் என்றால் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடுதியில் ஒரே அறையில் கிடந்த மூன்று பேர். இப்போது ஆளுக்கு ஓர் ஊர்.

ஏன் பெண்ணை எடுத்துக்கொண்டோம்? ஆணின் அறுபதுக்கு மணிவிழா இருக்கிறது, திருக்கடையூர் இருக்கிறது, பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுகிற வழக்கம் இருக்கிறது. அன்றைக்கு மனைவியும் பட்டுக் கட்டி மாலை போட்டு உட்காருவார். ஆனால் கணக்கு அவருடைய வயதுக்கு அல்ல. மனைவிக்கு அறுபது நிறையும் நாளுக்கென்று தனிச் சடங்கு வழக்கத்தில் இல்லை. அன்றும் அவரே எழுந்து டிகாக்‌ஷன் போடுவார். இந்தப் பயணம் அவருக்கானது. திட்டம் போடப்போவது பெரும்பாலும் மகளோ மகனோ என்பதால் உங்களிடமே பேசுகிறோம்.

ஏன் பிரிக்க வேண்டும்?

“எல்லாரையும் ஒண்ணா கூட்டிட்டுப் போனா செலவு மிச்சம்” என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். வேன் வாடகையில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் நடை வேறு. பேரப்பிள்ளைகளுக்கு ஏழு மணிக்குப் பசிக்கும், ஒன்பதுக்குத் தூக்கம் வரும். தோழிகளுக்குப் பேச்சே ஒன்பதுக்குத்தான் தொடங்கும். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தால் விடுதிக் கதை ஒன்றும் வெளியே வராது. இரு பக்கமும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் அம்மா, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டே தன் பிறந்தநாளைக் கடத்திவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்துக்குள் அவர் அம்மா, பாட்டி, அத்தை. அவரை வெறும் பேர் சொல்லி, அதுவும் பாதிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த மூன்று பேர்தான். அறுபது வயதில் அப்படிக் கூப்பிட ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அவர்களுக்கு முழுதாக நாலு நாள் கொடுங்கள்.

அதற்காக இரண்டு கூட்டமும் முகம் பார்க்காமலே போகவும் கூடாது. நடுவில் ஒரே ஒரு பொது நாள் வையுங்கள். இந்தத் திட்டத்தின் அச்சாணி அதுதான்.

முதலில் பஞ்சாங்கம், பிறகு டிக்கெட்

தேதியும் நட்சத்திரமும் பல வருடங்களில் வாரக் கணக்கில் விலகி நிற்கும். அறுபதில் ஒரு வசதி இருக்கிறது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 27 நாள் 8 மணி நேரம் ஆகிறது. அறுபது ஆண்டுக்கு 21,915 நாள். அதற்குள் சந்திரன் 802 முறை சுற்றி முடிக்க ஆகும் நாள் 21,912. ஆக, அறுபது நிறையும்போது ஜென்ம நட்சத்திரம் பெரும்பாலும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் வந்து நிற்கும். ஒரே பயணத்துக்குள் இரண்டையும் அடக்க இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்தது தமிழ் மாதத்தின் முதல் சில நாட்களில் என்றால் அந்த மூன்று நாள் முந்தைய மாதத்துக்குள் போய்விடும். அப்போது பிறந்த மாதத்தில் நட்சத்திரம் வருவது தேதிக்கு மூன்று வாரத்துக்கும் மேல் கழித்துத்தான். அப்படி அமைந்தால் நட்சத்திரத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தேதியை மட்டும் பயணத்துக்குள் கொண்டுவாருங்கள். குடும்பத்துக்கு வேறொரு நாளைக் கொண்டாட்ட நாளாக்குங்கள். எதுவானாலும் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பார்களோ அதையே பாருங்கள். டிக்கெட் எடுத்தபிறகு பெரியம்மா வந்து “அன்னிக்கு நட்சத்திரம் இல்லையே” என்று சொல்லும் நிலை வேண்டாம்.

எந்த நாடு, எந்த வரிசை

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. இரண்டும் நாலு மணி நேரத்தை ஒட்டிய பயணம். இரண்டு ஊரிலும் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், சுவரில் இருப்பது ஒரே மாதிரி மூன்று சதுரக் கால் பிளக். முதல் முறை வெளிநாடு போகும் அறுபது வயதுக்காரர்களுக்கு இந்த இரண்டும்தான் நம் பரிந்துரை.

குடும்பத்துக்குச் சிங்கப்பூர், தோழிகளுக்கு மலேசியா என்று பிரியுங்கள். சிங்கப்பூரில் எல்லா எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. குழந்தை வண்டியையும் முழங்கால் வலியையும் கூட்டிக்கொண்டு போகத் தோதான ஊர். ஆனால் விசா வேண்டும், விலையும் அதிகம். மலேசியாவில் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். 2027இல் புறப்படுகிறவர்கள் புதிதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சிங்கப்பூர் டாலரை மாற்றினால் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும். நாலு வீட்டிலிருந்து நாலு விதப் பணவசதியோடு வரும் தோழிகளுக்கு விசா வேலையும் இல்லாத, செலவும் குறைந்த நாடு எதுவோ அதுவே நல்லது.

குடும்பம் முதலில், தோழிகள் பிறகு. நட்சத்திரம் முன்னால் வருவது ஒரு காரணம். இன்னொரு காரணம், குடும்பத்தை முடித்து அனுப்பிவிட்டால் அம்மா மனசில் பாரம் இருக்காது. தோழிகளோடு தொடங்கினால் நாலு நாளும் “குழந்தைங்க பத்திரமா ஏறியிருப்பாங்களா” என்ற யோசனையே ஓடும்.

பத்து நாள், ஒரே பார்வையில்

நாள் 1: திருச்சி – சிங்கப்பூர், குடும்பத்தோடு.
நாள் 2, 3: சிங்கப்பூர் சுற்றல்.
நாள் 4: நட்சத்திரப் பிறந்தநாள். காலையில் கோயில், மதியம் இலைச் சாப்பாடு.
நாள் 5: சிங்கப்பூர் – கோலாலம்பூர்.
நாள் 6: பொது நாள். காலையில் தோழிகள் வந்து சேர்கிறார்கள். இரவு குடும்பம் ஊருக்குப் புறப்படுகிறது.
நாள் 7: தேதிப் பிறந்தநாள். காலை ரயில், மாலை பினாங்கு.
நாள் 8, 9: பினாங்கு.
நாள் 10: பினாங்கு – கோலாலம்பூர் – ஊர்.

குடும்பத்துக்குப் போகும்போது சிங்கப்பூருக்கும் திரும்பும்போது கோலாலம்பூரிலிருந்தும் டிக்கெட் எடுங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பி வரும் வேலை இல்லை. ஒரு நாள் மிச்சம். தோழிகளுக்குக் கோலாலம்பூர் போக வர மட்டும் போதும்.

குடும்பப் பாதி: அம்மா சமைக்காத நாலு நாள்

முதல் விதி, சமையலறை உள்ள இடத்தில் தங்காதீர்கள். அடுப்பு இருந்தால் அம்மா பால் காய்ச்சுவார். பால் காய்ச்சினால் உப்புமா வரை போய்விடும். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது என்பதால் ஓட்டல்தான் வழி என்பது உங்களுக்குச் சாதகம். அங்கே சொந்தக்காரர் வீடு இருந்தாலும் ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். அவர்கள் வீட்டில் தங்கினால் பாத்திரம் கழுவுவதில் யார் முந்துவது என்ற போட்டியிலேயே பொழுது போய்விடும்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இரண்டாம் நாள் மாலை கார்டன்ஸ் பை தி பே. கண்ணாடிக் குடில்களுக்குக் கட்டணம் உண்டு. செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி இலவசம், வழக்கமாக 7.45க்கு ஒன்று, 8.45க்கு ஒன்று. குழந்தைகள் இருந்தால் முதல் காட்சிக்கே போய்விடுங்கள். மூன்றாம் நாள் மண்டாய் பக்கம். பகல் முழுதும் ஓய்வெடுத்துவிட்டு, 1994இல் தொடங்கிய இரவு விலங்குக் காட்சிச் சாலைக்குப் போங்கள். டிராம் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பது பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே அளவு வசதி.

நாலாம் நாள், நட்சத்திரம். சிங்கப்பூரில் கோயிலுக்குக் குறைவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. அங்குள்ள இந்துக் கோயில்களில் அதுவே பழையது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் 1855, தேங்க் ரோட்டில் செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் 1859. உங்கள் வீட்டு வழக்கப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் ஒரே காலையில் பார்க்கக் கிளம்பாதீர்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பேரையும் நட்சத்திரத்தையும் பேரக்குழந்தையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தே பழகியவர் அவர். தன் பேரை இன்னொருவர் வாயால் கேட்கட்டும்.

மதியம் சிராங்கூன் சாலையில் இலைச் சாப்பாடு. அந்தப் பக்கத்துக் கோமள விலாஸ் 1947இலிருந்து நடக்கிறது. மாலையில் முஸ்தபா கடைக்குப் போவீர்கள், தடுத்தாலும் போவீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் தங்க நகைச் சலுகை. பத்து நாள் சுற்றிவிட்டு வருகிறவர் வாங்கிவரும் நகைக்குத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும். அம்மா கழுத்திலும் கையிலும் சொந்த நகை அதிகம் என்றால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேள்வி வராது. அதைவிட நல்ல வழி, பாதியை வங்கி லாக்கரில் வைத்துவிட்டுப் போவது.

ஊரிலிருந்து சொந்தக்காரர்களுக்கு முறுக்கு, அதிரசம் கொண்டுபோகலாம். கசகசாவைப் பையில் வைக்காதீர்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் படும் சரக்கு. சூயிங் கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் “இதை மட்டும் என் தம்பிகிட்ட குடுத்துடுங்க” என்று ஒட்டிய பார்சல் நீட்டினால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரிக்க மறுத்தால் வாங்கவே வேண்டாம்.

பொது நாள்: பத்துமலை

ஐந்தாம் நாள் கோலாலம்பூருக்கு மாற வேண்டும். பஸ்ஸில் போனால் மலிவு. ஐந்தாறு மணி நேரம் ஆகும், எல்லையில் இரண்டு முறை பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். விமானம் ஒரு மணி நேரம். சின்னக் குழந்தைகள் இருந்தால் விமானமே போங்கள். கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அறை எடுங்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த தெரு, மறுநாள் ரயிலும் நடக்கும் தூரத்தில்.

ஆறாம் நாள் காலை தோழிகள் வந்து இறங்குவார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து பத்துமலைக்குப் போங்கள்; கே.எல். சென்ட்ரலிலிருந்து நேரே ரயில் உண்டு. முருகன் சிலையின் உயரம் 140 அடி, குகைக்குப் படி 272. படி ஏறுகிறவர்கள் ஏறட்டும், கால் வலிக்காரர்கள் கீழே உட்காரட்டும். மாப்பிள்ளை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போன அந்த ஒரு மணி நேரத்தில், கீழே உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்காத சில கதைகள் தோழிகள் வாயிலிருந்து வரும். பொது நாள் வைப்பதே இதற்காகத்தான். கையில் பழமோ பொட்டலமோ வைத்திருக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோருக்குமாக ஒரு விருந்து. இந்த ஒரு வேளைக்கு வேறு திட்டம் எதுவும் வேண்டாம். தோழிகளின் விமானம் தாமதமானால் பத்துமலையை விட்டுவிடலாம். விருந்தை விடக் கூடாது. இரவு விமானத்துக்குக் குடும்பம் கிளம்பும்போது அம்மாவை விமான நிலையம் வரை கூட்டிப்போகாதீர்கள். வாசலிலேயே விடை பெறுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் தயங்கும் கேள்வி: கணவர் எந்தப் பக்கம்? குடும்பத்தின் பக்கம். அவரும் அன்றிரவு ஊருக்குத் திரும்ப வேண்டும். தோழிகளின் கணவர்களும் வரவில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டால் அவருக்கும் வருத்தம் இருக்காது. பல வீடுகளில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“நான் இல்லாம அந்த ஊர்ல தனியா எப்படிம்மா சமாளிப்ப?”

“முப்பது வருஷம் நூறு பிள்ளைங்களை எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டுப் போயி எண்ணிக்கை குறையாம கொண்டாந்து விட்டவங்க நான். மூணு பொம்பளைங்களைத் தொலைச்சிடுவேனாங்க?”

இதற்குமேல் அவரிடம் பதில் இருக்காது. ஊரில் நாலு நாள் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதை மட்டும் மகள் பொறுப்பில் எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜில் மாவு அரைத்து வைத்துவிட்டுப் போவது அம்மாவின் வேலை இல்லை.

தோழிகள் பாதி: பினாங்கு

ஏழாம் நாள், தேதிப் பிறந்தநாள். கே.எல். சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தை ஒட்டிப் பட்டர்வொர்த். அங்கிருந்து ஃபெரியில் கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். விமானமும் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான். இருந்தாலும் ரயிலையே எடுங்கள். நாலு பேர் நாற்பது வருடத்தைப் பேசித் தீர்க்க அந்த நாலு மணி நேரம் வேண்டும். வாரக் கடைசியிலும் அங்குள்ள பள்ளி விடுமுறையிலும் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்கள் நள்ளிரவு பன்னிரண்டுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தால் அங்கே இரண்டரை மணி. காலை வரை பொறுங்கள்.

ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். நம்மவர்களுக்கு அது அந்நிய ஊராகத் தோன்றாது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் பேரில் சூலியா தெரு. இந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். குயீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். எல்லாம் நடக்கும் தூரம். தோளில் காவடி போலத் தடி வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்தது நாசி கண்டார். சைவக்காரர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைத் தேடிக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் தெருக்கள். ஒன்பதாம் நாள் பினாங்கு மலை; 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், படி ஏற வேண்டாம். தண்ணீர்மலை முருகனை மேலே போய்த் தரிசிக்க 513 படி. முழங்காலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நாலு பேர் என்பது நல்ல எண். இரண்டு அறை, ஒரு கார். பெட்டிகளோடு போகும்போது மட்டும் கிராப் செயலியில் பெரிய வண்டியாகக் கூப்பிடுங்கள். ஐந்து பேரானால் ஒருவர் தனியறைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். அதை ஐந்து பங்காகப் போடுங்கள். யாரோடு யார் தங்குவது என்பதைத் தினமும் மாற்றிக்கொள்ளுங்கள். குறட்டை எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

பணம்: மொய் நோட்டு முறை

பாதிப் பயணங்கள் இங்கேதான் கசக்கின்றன. மூன்று கணக்கைத் தனித்தனியாக வையுங்கள்.

முதலாவது, குடும்பக் கணக்கு. சிங்கப்பூர் முழுதும் பிள்ளைகள் செலவு. அம்மாவின் ஓய்வூதியப் பணத்தில் கை வைக்கக் கூடாது. அவர் வற்புறுத்தினால் பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டும்.

இரண்டாவது, தோழிகள் கணக்கு. அறை, ரயில், கார், சாப்பாடு நாலு சமப் பங்கு. பிறந்தநாள்காரரும் தன் பங்கைக் கொடுப்பார். அவரைச் சும்மா கூட்டிப்போவதாக மூவரும் சேர்ந்து முடிவெடுத்தால் நல்லதுதான். ஆனால் மூவரில் ஒருவருக்கு ஓய்வூதியம் இல்லாமல் இருக்கலாம், அவரால் மறுத்துச் சொல்லவும் முடியாது. ஆகவே சமப் பங்கே நல்லது. தேதியன்று இரவு விருந்து மட்டும் பிறந்தநாள்காரர் செலவு. அது நம் வழக்கம். மொத்தச் செலவின் அளவை, நால்வரில் கை இறுக்கமாக இருப்பவரிடம் தனியாகப் பேசி, அவர் சொல்லும் தொகையிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்களிடம் அது யார் சொன்ன தொகை என்று சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, பொது நாள் கணக்கு. விருந்தும் பத்துமலைப் பயணமும் பிள்ளைகள் செலவு. தோழிகள் அன்று உங்கள் விருந்தாளிகள்.

எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மொய் நோட்டு எழுதுவதுபோலத் தேதி, யார் கொடுத்தது, எதற்கு, எவ்வளவு என்று நாலு கட்டம். ஒரு கணக்கு: நாலு நாளில் பொதுச் செலவு 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 600. ஒருவர் ஏற்கெனவே 1,000 கொடுத்திருந்தால் அவருக்கு 400 வர வேண்டும். 350 கொடுத்தவர் 250 தர வேண்டும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், கடைசி இரவே தீர்த்துவிடுங்கள். ஊருக்கு வந்தபின் யாரும் கேட்கமாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

பயண நிறுவனத்தின் மொத்தப் பொதியாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்துப் பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆகவே யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். நாலு தோழிகளுக்கும் சேர்த்து ஒருவர் பேரில் பணம் கட்டினால் வரிக்கழிவு முழுதும் அவருக்கே போகும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பேர் எப்படி அச்சாகியிருக்கிறதோ டிக்கெட்டிலும் அப்படியே. இனிஷியலை விரித்து அப்பா பேராகவோ கணவர் பேராகவோ எழுதியிருப்பார்கள். நினைவிலிருந்து எழுதாமல் பார்த்து எழுதுங்கள். பிறந்த தேதியும் அதேபோல. வாத்தியார் போட்ட தேதிதான் அங்கே இருக்கும். எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். உண்மையான தேதி கேக்கில் இருந்தால் போதும்.

அம்மா இன்னும் அரசுப் பணியில் இருந்தால் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும். சில மாதம் முன்பே விண்ணப்பம் கொடுங்கள். பணி நிறைவுக்குப் பிறகு பயணம் வைத்தால் அந்த வேலை இல்லை.

சிங்கப்பூர் விசாவை அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக எடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற மின்படிவம். இரண்டையும் போய் இறங்குவதற்கு மூன்று நாளைக்குள் நிரப்ப வேண்டும். குடும்பத்தினர் சிங்கப்பூரில் இருந்துகொண்டே மலேசியப் படிவத்தை நிரப்ப வேண்டிவரும்; மறந்துவிடாதீர்கள். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. மலேசியாவில் திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடச் சீட்டையும் கேட்கலாம். அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான். பெட்டியில் போடக் கூடாது.

முன்கூட்டியே பேசிவைக்க வேண்டியவை

ஆறாம் நாள் பேரனுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அம்மா என்ன செய்வார்? கேட்கவே வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களோடு விமானம் ஏறிவிடுவார். ஆகவே ஊரிலேயே பேசி முடிவு செய்யுங்கள்: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்பனும் ஆத்தாளும் பார்த்துக்கொள்வோம், நீங்கள் பினாங்கு போகிறீர்கள். இதை மகள் சொல்வதைவிட மருமகன் சொன்னால் அம்மாவுக்கு நம்பிக்கை கூடும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். மூன்றாவதாகப் பொது நாளுக்கு ஒன்று. அது ஆறாம் நாளோடு மூடப்படும். தோழிகள் எடுக்கும் படங்கள் குடும்பக் குழுவுக்கு வர வேண்டியதில்லை. “என்னம்மா பண்றீங்க” என்று மணிக்கொரு தரம் கேட்காதீர்கள். இரவு ஒரு முறை பேசினால் போதும்.

பரிசுப் பொருள் வேண்டாம். மலிவு விமானங்களில் பெட்டி எடைக்கே தனிப் பணம். கொடுத்தே தீர வேண்டும் என்றால் பொது நாள் விருந்தில் கையால் எழுதிய கடிதம் கொடுங்கள். எடை இல்லை.

பினாங்கு என்றால் மலாய் மொழியில் பாக்கு. நம் வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் பாக்கு வெற்றிலை வைத்துத்தான் தொடங்குவோம். இந்தக் காரியத்தைத் தொடங்க உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை: அம்மாவின் படிப்புக் காலத் தோழிகள் மூவரின் பேரை, அவரைக் கேட்காமல் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் டிக்கெட் விலை பார்ப்பதை நிறுத்திவிட்டு, இன்று மாலை அவருக்குப் போன் போட்டு அதைக் கேளுங்கள்.